துவைத்துக் கொண்டுபோன சால்வை

பாப்பாவின் பெரியம்மாவும் என் மதிப்புக்குரிய அக்காவுமாகிய தங்களுக்கு, தங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சுகம். அங்கே சகலையின் முட்டிவலி தேவலையா?

"அவளே போய்ச் சேர்ந்துட்டா. ஆம்பளை தனியா எப்படி வளர்ப்பீங்க? பிள்ளைய என்கிட்ட அனுப்பிடுங்க" என்று போனில் சொன்னீர்கள். போனில் பதில் சொன்னால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன். தேவையில்லை அக்கா. எல்லாம் கச்சிதமாக நடக்கிறது.

பாப்பாவை மழலையர் பள்ளியில் சேர்த்துவிட்டேன். பிள்ளை பழகும்வரை அப்பாவும் கூட இருக்கலாம் என்றார்கள், இருந்தேன். அங்கே நாற்காலி என்பது நம் வீட்டு முக்காலிக்குப் பேரப்பிள்ளை. நான் எழுந்தால் அதுவும் என்னோடு எழுந்துவிட்டது, ஆயாவும் டீச்சரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுத்தார்கள், பிள்ளைகள் கைதட்டினார்கள், பாப்பா மட்டும் சிரிக்கவில்லை. காலையில் வந்ததும் ஒவ்வொரு பிள்ளையும் தன் போட்டோவைச் சுவர்ப் பலகையில் வரைந்திருக்கும் சிரிக்கிற முகத்துக்குக் கீழேயோ அழுகிற முகத்துக்குக் கீழேயோ ஒட்ட வேண்டும். பாப்பா தினமும் அழுகிற முகத்தில் ஒட்டுவாள். நான் யாரும் பார்க்காதபோது அதை எடுத்துச் சிரிக்கிற முகத்தில் ஒட்டுவேன். ஒருநாள் கையும் களவுமாகப் பிடிபட்டேன். "அழறதுக்கும் அவளுக்கு ஒரு இடம் வேணும் சார்" என்று, பிள்ளைகளிடம் பேசும் அதே குரலில் டீச்சர் சொன்னார். மானமே போச்சு.

மதியத் தூக்கத்துக்கு வீட்டிலிருந்து பிடித்த பொருள் ஏதாவது கொண்டுவரலாம், சுத்தமாக இருந்தால் சரி என்றார்கள். பாப்பா தினமும் கட்டிக்கொண்டு தூங்குவது அவ அம்மாவின் சால்வையை. நான்தான் பொறுப்பான அப்பா ஆச்சே! வெந்நீரில் ஊறவைத்து, சோப்புப் போட்டுக் கும்மி, வாசனைக்கு எதையோ வேற ஊத்தி, இஸ்திரியும் போட்டுக் கொண்டுபோனேன். பாப்பா அதை முகத்துல வச்சு மோந்து பார்த்தா. "இது அம்மா இல்ல"ன்னு திருப்பிக் குடுத்துட்டா. அழக்கூட இல்லக்கா. நான்தான் அந்தக் குட்டி நாற்காலியில உக்காந்து, அத்தனை பிள்ளைங்க முன்னாடி தேம்பித் தேம்பி அழுதேன். பாப்பா என் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. அழுகிற முகத்துக்குக் கீழ இருந்த தன் போட்டோவக் கொஞ்சம் தள்ளி ஒட்டிட்டு, "இங்க நில்லுப்பா"ன்னு இடம் விட்டா.

மற்றபடி ஒரு குறையும் இல்லை. ஆகவே தாங்கள் சிரமப்பட்டு வர வேண்டாம். சகலைக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசிகள்.

இப்படிக்கு,
பாப்பாவின் அப்பா

பின்குறிப்பு: கடைசியா உங்க வீட்டுக்கு வந்தப்ப தன்னோட ஸ்வெட்டரை மறந்து வச்சிட்டதா பாப்பாவோட அம்மா சொல்லியிருந்தா. துவைக்காம இருந்தா அப்படியே ஒரு பையில போட்டுக் கட்டி வையுங்க. தபால்ல வேண்டாம், நீங்களே எடுத்துட்டு வாங்கக்கா. துவைச்சிருந்தா பரவாயில்ல, நீங்க மட்டுமாவது வாங்க.