உலகச் செழிப்பும் ஒரு தகரத் தகடும்

உலகத்தில் வறுமை ஒழிய இன்னும் ஒரே ஒரு கூட்டம்தான் பாக்கி. அதை நடத்தும் பேறு எங்கள் சபையின் 'உலகச் செழிப்பு மற்றும் சமூக மாற்றக் குழு'வுக்கு வாய்த்திருக்கிறது என்பதையும், அதன் செயலாளர் அடியேன்தான் என்பதையும் பணிவோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

மூன்று ஆண்டுகளில் முப்பத்தோரு முறை கூடியிருக்கிறோம். ஜெபத்தில் தொடங்கி பிஸ்கட்டில் முடிப்போம். 'பொருளாதார முன்னேற்றம்: ஒரு கிறிஸ்தவப் பார்வை' என்ற எங்கள் அறிக்கையில் ஏழு கண்டங்களுக்கும் இடம் உண்டு. அண்டார்டிகாவின் ஏழைகளைப் பற்றி மட்டும் தகவல் கிடைக்கவில்லை. துணைக்குழு அமைத்திருக்கிறோம்.

ஆலயத்தைப் பெருக்கி, மணியும் அடிப்பவர் மணியக்கா. எங்கள் கூட்ட அறையின் பின்சுவரை ஒட்டிய ஒற்றை அறையில் குடியிருக்கிறார். கூட்டம் முடியும்போதெல்லாம் வாசலில் வந்து நிற்பார்.

"ஐயா, அந்தக் கூரை ஓட்டை..."

"எழுதிக்கோங்க செயலாளர்," என்பார் தலைவர். அவர் ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர்.

எழுதிக்கொள்வேன். கையால் செய்ய வேண்டிய காரியம் எதுவானாலும் எங்கள் குழுவில் அது 'ஜெபக் குறிப்பு' நோட்டில் ஏறிவிடும். ஏறியது எதுவும் இதுவரை இறங்கியதில்லை.

அப்படியிருக்கையில் வெளிநாட்டிலிருந்து கடிதம் வந்தது. சனிக்கிழமை பத்துப் பேர் 'வறுமையை நேரில் காண' வருகிறார்கள். அவர்களில் ஒருவருக்கு முழங்கால் வலியாம். ஆகவே கார் நிற்கும் இடத்திலிருந்து இருபது அடிக்குள் வறுமை தேவைப்பட்டது. அனைவருக்கும் ஒரே நேரத்தில் மணியக்காவின் ஓட்டை நினைவுக்கு வந்தது. ஆவியானவரின் வழிநடத்துதல் என்றார் தலைவர்.

போய்ப் பார்த்தால் ஓட்டையைக் காணோம்! பிள்ளை பெற்ற மகள் ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்று, மணியக்காவின் மருமகன் புதன்கிழமையே ஒரு தகரத் தகட்டை வைத்து மூடிவிட்டார். அவர் வெல்டர். முன்யோசனை போதாது.

அவசரக் கூட்டம் கூடியது.

"யாரைக் கேட்டு மூடினாங்க?" என்றார் தலைவர்.

"மழை வருதேன்னு மூடியிருக்காங்க ஐயா," என்றேன்.

"மழை எப்பவும்தான் வருது. வெளிநாட்டுக்காரங்க எப்பவுமா வர்றாங்க?"

பொருளாளர் அம்மா மட்டும் இழுத்தார். "உள்ளே பச்சைக் குழந்தை இருக்கே..."

தலைவர் வேதாகமத்தைத் திறந்தார். "நடக்க முடியாத திமிர்வாதக்காரனை எப்படிம்மா இயேசுகிட்ட இறக்கினாங்க? கூரையைப் பிரிச்சுத்தானே? பிரிச்சதுக்கு வசனம் இருக்கு. திரும்ப மூடினதா எங்கேயாவது எழுதியிருக்கா?"

தகட்டைக் கழற்றும் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

வெள்ளிக்கிழமை மத்தியானம், வெல்டர் வேலைக்குப் போயிருந்த நேரமாகப் பார்த்துப் போனோம். தலைவரின் டிரைவர் மேலே ஏறினார். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஆவணத்துக்காகப் போட்டோ எடுக்கப்பட்டது.

"ஒரே ஒரு நாளைக்குத்தான்க்கா," என்றேன்.

மணியக்கா குழந்தையை முந்தானையால் மூடிக்கொண்டார். "உங்க பொண்ணோட ஞானஸ்நானத்தன்னைக்கு நல்ல மழை. கார்லேர்ந்து ஆலயம் வரைக்கும் பாப்பாமேல ஒரு சொட்டு விழாம குடை பிடிச்சது யாரு தம்பி?"

"நீங்கதான்க்கா," என்று சொல்லி ஏணியை இன்னும் இறுக்கிப் பிடித்தேன்.

சனிக்கிழமை, கர்த்தருடைய கிருபையால், மழை பெய்தது. வந்தவர்கள் அண்ணாந்து பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். முழங்கால் வலிக்காரர் நெகிழ்ந்துபோய், இந்த ஓட்டை எவ்வளவு காலமாக இருக்கிறது என்று கேட்டார். மொழிபெயர்ப்புப் பொறுப்பு என்னுடையது.

"நேத்து மத்தியானத்துலேர்ந்து," என்றார் மணியக்கா.

"தலைமுறை தலைமுறையாக," என்று மொழிபெயர்த்தேன்.

அறிக்கை பளபளக்கும் தாளில் அச்சாகிவிட்டது. தகடு எங்கள் கூட்ட அறையில் பத்திரமாகச் சாய்ந்திருக்கிறது. அடுத்த வெளிநாட்டுக் குழு ஜூன் மாதம் வருகிறது. குழந்தை நெஞ்சுச் சளியோடு மறுபடியும் ஆஸ்பத்திரியில் இருக்கிறது. நோட்டில் ஏற்றிவிட்டேன்.

அறிக்கையின் முதல் பக்கத்தில் ஓட்டையின் படம். கடைசிப் பக்கத்தில் டிரைவர், தகடு, ஏணி. கீழே 'எங்கள் குழு கூரை அமைத்துக் கொடுக்கிறது' என்று போட்டிருக்கிறோம். தகடு மேலே போகிறதா, கீழே வருகிறதா என்று அந்தப் படத்தைப் பார்த்து எந்த நாட்டு நிபுணராலும் சொல்ல முடியாது.

என்னால் சொல்ல முடியும். ஏணியைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு கைகளும் என்னுடையவை.