சிப்பாய்க்கு எந்தக் கால்?

மே 9, வெள்ளி. நேற்று எழுதியதில் ஒரு தவறு. சிப்பாய் நொண்டுவது இடது முன்காலில் அல்ல, வலது முன்காலில். எதிரே நின்று பார்த்ததால் பக்கம் மாறிவிட்டது போலும். இனி நாயின் பின்னால் நின்று பார்க்க வேண்டும்.

பகாவ் பட்டணத்து மாலை வகுப்பில் அறிவியல் படிக்கத் தொடங்கியதிலிருந்து ஷாமினி இப்படித்தான். எதையும் எழுதிவைப்பாள். எழுதிவைத்ததையும் நம்பமாட்டாள்.

செம்பனைத் தோட்டத்தில் மற்றவர்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. முனீஸ்வரர் கோயில் வாசலில் கார், மோட்டார் சைக்கிள், கோலா பிலாவிலிருந்து ஒரு வேன்கூட. போன மாதம்வரை லோரி ஓட்டிய நல்லசாமி இந்த மாதம் சாமியாகிவிட்டார். லோரி லைசென்ஸ் புதுப்பிப்பதைவிட அது சுலபம்.

"முனி இந்த நாய்மேல ஏறி உக்காந்துட்டாரு. பாரம் தாங்காமதான் நொண்டுது," என்று அவர் அருள்வாக்குச் சொன்னார்.

மஞ்சள் மாவில் பத்துக் கட்டங்கள். ஷாமினி வளர்த்த சிப்பாய் எந்தக் கட்டத்தில் காலைத் தூக்குகிறதோ, அது ஓர் எண். நாலு முறை தூக்கினால் லாட்டரிக் கடைக்கு நாலு நம்பர் தயார். பரிசு விழாவிட்டால் வாங்கியவருக்குப் பக்தி போதாது. காணிக்கைத் தட்டு மட்டும் நொண்டாமல் வலம் வந்தது.

"ஞாயித்துக்கிழமை நாயை பகாவுக்குக் கொண்டு போறேன். அங்க பெரிய கோயிலா கட்டிரலாம்," என்றார் நல்லசாமி.

பெரியம்மா முத்தாயி அப்போதே தலையாட்டிவிட்டாள். "குடுத்துடு லா. முனியே கேக்கறாரு."

"முனி கேக்கல பெரிம்மா. நல்லசாமி கேக்கறாரு."

சனிக்கிழமை காலை ஷாமினி நாயை மடியில் போட்டு விரலிடுக்கெல்லாம் தடவினாள். செம்பனை முள் இல்லை. வீக்கம் இல்லை. அழுத்தினால் கத்தவில்லை, கையை நக்கியது. வலது முன்கால் நகங்களில் சிவப்புச் சாயம் பூசினாள். இனிமேல் பக்கம் மாறாது.

மாலையில் கோயிலுக்குப் போனதும் சிப்பாய் நொண்டியது. சாயம் பூசாத காலில்.

ஷாமினி கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். சிப்பாயின் பார்வை நல்லசாமியின் தோள்பையிலேயே இருந்தது. வீட்டுக்குத் திரும்பும் வழியில் அது நாலு காலிலும் துள்ளி ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை. வேன் கதவு திறந்திருந்தது. நல்லசாமி கயிற்றைப் பிடித்திருந்தார்.

"சாமி, முனி எந்தக் கால்ல இருக்காரு?"

"வலக்கால்மா. எறங்கவே மாட்டாரு."

"அப்ப உங்க தோள்பைய கொஞ்சம் என்கிட்ட குடுங்க."

"பை எதுக்கு? அதுல விபூதிதான் இருக்கு."

"விபூதின்னா குடுக்கறதுல என்னா இருக்கு?" என்று கூட்டத்தில் நின்ற கணேசமூர்த்தி கேட்டார். பை கை மாறியது. கூடவே சிப்பாயும் கயிற்றை உதறிக்கொண்டு மாறியது, நாலு காலில், குதிரை மாதிரி. பையைக் கவிழ்த்தாள். விபூதிப் பொட்டலம் ஒன்று, பொரித்த கோழித்தோல் ஒரு கட்டு.

ஷாமினி ஒரு துண்டைத் தூக்கிக் காட்டினாள். சிப்பாய் இடக்காலைத் தூக்கியது. கொடுக்கவில்லை. வலக்காலைத் தூக்கியது. அப்போதும் கொடுக்கவில்லை. இரண்டையும் தூக்கிக்கொண்டு நின்றது.

"முனி எறங்கி ஓடிட்டாரு போல," என்றாள் முத்தாயி. நல்லசாமியும் ஓடிக்கொண்டிருந்தார்.

"ரெண்டு காலையும் தூக்குச்சே, அதுக்கு என்னா நம்பர்?" என்று பின்வரிசையில் ஒரு குரல் கேட்டது.

நொண்டியதற்கு நாய்க்காவது கோழித்தோல் கிடைத்தது. வரிசையில் நின்றவர்களே, உங்களுக்கு என்ன கிடைத்தது? ஒரு நிமிடம் யோசியுங்கள். அதற்குக் காணிக்கை இல்லை.

மே 11, ஞாயிறு. வியாழன் இடதுகால் என்று எழுதியது தவறல்ல. அதைத் தவறென்று எழுதியதுதான் தவறு. நாளை: சிப்பாயின் நகச்சாயத்தைத் துடைக்க வேண்டும். நொண்டினால் எதுவும் கொடுக்கக் கூடாது.