மௌஸ் வேகத்துக்குப் பேரம் பேசினேன்

நேத்து எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. ஆன்லைன் ஏலத்துல கயிறு எடுக்கணும்.

நான் பழைய கப்பல் சாமான் கடை வச்சிருக்கேன். கயிறு, டிரம், தார்ப்பாய், மிதவைன்னு கெடைச்சதை வாங்கி, கேக்குறவுகளுக்கு விக்கிறது. பள்ளிக்கூடம் பாதியில நின்னுபோச்சு. பேரம் மட்டும் துறைமுக வாசல்ல, வெயில்ல நின்னு, ஏமாந்து ஏமாந்து படிச்சேன். யாரு என்ன கணக்குச் சொன்னாலும் அதை அப்படியே ஒத்துக்கிட்டா, அன்னிக்கு எனக்குச் சோறு எறங்காது.

இங்கன ஒரு கிடங்குல, எடுக்க ஆள் வராமக் கெடந்த சரக்கையெல்லாம் ஏலம் விட்டாக. அதுல ஒரு லாட்டு நல்ல நைலான் கயிறு. வேம்பார் மீன்பிடி போட்டுக்காரவுகளுக்கு, "நாளைக்கு கயிறு உங்க கையில"ன்னு முந்தாநாளே வாக்கு குடுத்துட்டேன். தவறுனா அவுக எதுத்த கடை அண்ணாச்சிகிட்ட போயிருவாக. அங்கன ஒருக்கா போன ஆளு என் பக்கம் தலைவச்சுப் படுக்காது.

ஏலம் மத்தியானம் முடியும். அதுக்கு அரைமணி முன்னாடியே கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துட்டேன். கையில புது மௌஸ். பழசு உப்புக் காத்துல செத்துப்போச்சு.

அம்பு நகரவே மாட்டேங்கு! மேசையோட இந்தக் கோடியில இருந்து அந்தக் கோடி வரைக்கும் மௌஸை இழுத்தா, திரையில ஒரு சாண் போகுது.

எட்வினுக்குப் போன் போட்டேன். மில்லர்புரத்துல கம்ப்யூட்டர் ரிப்பேர் பாக்குறவன். என் கம்ப்யூட்டர்ல லினக்ஸ்ங்கிற சாப்ட்வேரை ஏத்துனதும் அவன்தான். "இது இலவசம்க்கா"ன்னான் அன்னிக்கு. "இலவசம்னாலும் கொஞ்சம் கொறைச்சுப் போடுலே"ன்னு கேட்டவ நான்.

"ஏலே எட்வின், அம்பு சாகக் கெடக்குலே!"

"பதறாதீங்கக்கா. செட்டிங்ஸ் போங்க. மௌஸ்னு இருக்கும். அதுல பாயிண்டர் ஸ்பீடுன்னு ஒரு கோடு, கோட்டு மேல ஒரு குண்டு. அந்தக் குண்டை வலது பக்கமா ஒரு நூல் தள்ளுங்க."

ஒரு நூலாம்! கேட்டதும் எனக்குப் பத்திக்கிட்டு வந்துட்டு. ஒருத்தன் "கொஞ்சம்"னு ஆரம்பிக்கான்னா, உள்ள நெறைய ஒளிச்சு வச்சிருக்கான்னு அர்த்தம். இதுகூடத் தெரியாமலா நான் யாவாரம் பண்ணுதேன்?

குண்டைப் பிடிச்சு, கோட்டுக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டேன்.

மாதாவே!

தொட்டா இந்த மூலை, மூச்சுவிட்டா அந்த மூலை! அம்பு கண்ணுக்கே தட்டுப்படல. குண்டைத் திரும்ப இழுத்துவிடலாம்னா, குண்டுமேல அம்பு நின்னாத்தானே!

எங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை. லீவுக்கு வந்தவர், பக்கத்துல டீ குடிச்சுக்கிட்டே பாக்காரு. "ஏளா, கப்பல் கரை அணையும்போது இஞ்சினைக் கொறைப்பாக. நீ கூட்டுதியே!"

"நீங்க டீயைக் குடிங்க!"

போன்ல எட்வின், "எவ்வளவுக்கா தள்ளுனீங்க?"ங்கான்.

"கொஞ்சம்தாம்லே."

"உண்மையைச் சொல்லுங்கக்கா."

"முழுசும்."

அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு. "சரி, மௌஸை விட்டுருங்க. டேப் பட்டனைத் தட்டி அந்தக் குண்டுக்கு வாங்க. பெறகு கீபோர்டுல இடது பக்க ஆரோ பட்டனை எட்டுத் தடவை அமுக்குங்க."

"எட்டா? நாலு போதும்."

"அக்கா, இது பேரமில்ல!"

"சரி, உனக்காக அஞ்சு."

"ஏழாச்சும் அமுக்குங்கக்கா!"

"அஞ்சு. கடைசி. முடியும்னா சொல்லு, இல்லைன்னா போனை வையி."

"...சரிக்கா, அஞ்சு."

ஜெயிச்சுட்டேன்! அஞ்சே அமுக்கு. அம்பு இப்போ கண்ணுக்குத் தெரிஞ்சுது. ஆனா வெறிநாய் வெரட்டுன மாதிரிதான் ஓடுது. ஓடட்டும், நாமளும் வேகமான ஆளுதானேன்னு ஏலப் பக்கத்துக்குப் போனேன்.

அங்கன எவனோ கயித்துக்கு, நான் காலையிலேயே கேட்டு வச்சிருந்த வெலைக்கு மேல கேட்டுட்டான்! முடிய ஒரே நிமிசம். விடுவேனா? "ஏலம் கேள்"ங்கிற பட்டனைப் பாத்து ஒரே அமுக்கு. "உறுதியா?"ன்னு ஒரு பெட்டி வந்துச்சு. என்னையே சந்தேகப்படுதியா நீன்னு, "ஆமா"வுல ஓங்கி ஒரு குத்து.

வீட்டுக்காரர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுக் குனிஞ்சாரு. "ஏளா, ரூம் ஹீட்டர்னுல்ல போட்டிருக்கு?"

கயித்துக்கு அடுத்த வரி ஹீட்டர். அம்பு ஒரு வரி வழுக்கிட்டு. நான் பாத்து முடிக்குமுன்ன ஏலமும் முடிஞ்சுட்டு. திரையில பெருசா "வாழ்த்துகள்!"

தூத்துக்குடியில, கத்திரி வெயில்ல, ஒரு லாட்டு ரூம் ஹீட்டர்! அதுக்கு ஏலம் கேட்ட ஒரே ஆளு நான்தான்.

கிடங்குக்குப் போன் போட்டுக் கத்துனேன். "தம்பி, கை தவறிட்டு. ரத்துப் பண்ணுங்க!"

"உறுதியான்னு கேட்டோமே மேடம். ஆமான்னுட்டீங்களே."

ஏலப் பக்கத்துல எடுத்தவுக பேரெல்லாம் வந்துச்சு. கயித்தை எடுத்தது யாருங்கீக? எதுத்த கடை அண்ணாச்சி!

வேம்பார்ல இருந்து வேன் கெளம்பிட்டுன்னு தகவல் வந்துட்டு. வேற வழி? ரோட்டைத் தாண்டி அவரு கடைப்படி ஏறுனேன்.

"வா தாயி! ஹீட்டர் எடுத்திருக்கியாமே. ரொம்பக் குளிருதோ?"

பல்லைக் கடிச்சுக்கிட்டேன். "கயிறு என்ன வெலை அண்ணாச்சி?"

சொன்னாரு. அநியாய வெலை! வாயைத் தொறந்தேன். அந்நேரம் பாத்து வேம்பார் வேன் என் கடை வாசல்ல வந்து நின்னு ஹாரன் அடிக்கான். தொறந்த வாயை அப்படியே மூடிக்கிட்டு, "சரி, ஏத்தச் சொல்லுங்க"ன்னேன்.

அண்ணாச்சி பதறிப்போயி எந்திரிச்சுட்டாரு. "என்ன தாயி, உடம்புக்கு முடியலையா? சோடா வாங்கட்டுமா?"

கயிறு வேம்பார் போய்ச் சேந்துட்டு. வாக்கு தப்பல. ஹீட்டரெல்லாம் என் கடையில அடுக்கியிருக்கு. ஊட்டி, கொடைக்கானல் பக்கம் யாராச்சும் இதைப் படிச்சா சொல்லுங்க.

ஒரே வெலைதான். பேரம் பேசுறவுக தயவுசெஞ்சு வராதீக.