டிக் போடாத சோப்பு

அன்று காலை பல் துலக்கிக்கொண்டிருக்கும்போதே நொட்டையார் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இந்த வீட்டிலிருந்து ஒரு சோப்புக்கட்டிகூட விற்பனைக்குப் போகக் கூடாது. தான் உயிரோடு இருக்கும்வரை கூடாது. சபதம் முடிந்ததும் வாயைக் கொப்பளித்துவிட்டு, மனைவி செய்த அதே சோப்பில்தான் முகம் கழுவினார். முகம் வழுவழுவென்று ஆனது. அதனால் கோபம் இன்னும் ஏறியது.

நொட்டையார் என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் இல்லை. சட்டை தைக்கும் தொழிற்சாலையில் செக்கிங் பிரிவுக்கு அவர் மேற்பார்வையாளர். அந்தக் கோடியில் தொங்கும் சட்டையை இந்தக் கோடியில் இருந்தே பார்த்து, "மூணாவது பட்டன் தொளதொளன்னு இருக்கு, பிரிச்சுத் தை" என்பார். நொட்டை சொல்வதற்கு மாதச் சம்பளம் வாங்கும் பாக்கியசாலி. தப்பித்தவறி ஒரு சட்டை தேறிவிட்டால், அதன் உறையில் ஒரு வட்டம் போட்டு உள்ளே ஒரு டிக் அடிப்பார். அந்த டிக்கைப் பார்த்த தையல்காரர் அன்றைக்கு எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுப்பார்.

வீட்டிலும் அவருக்கு மரியாதைக்குக் குறைச்சல் இல்லாமல்தான் இருந்தது. மாலையில் வந்து உட்கார்ந்து, இன்று எத்தனை சட்டைகளைத் திருப்பி அனுப்பினேன் என்று ஆரம்பித்தால், மனைவி கன்னத்தில் கைவைத்துக் கேட்பாள். அவள் சோப்பு செய்யக் கற்றுக்கொண்ட பிறகு கன்னத்துக்குக் கை வருவதில்லை. கையில் கையுறை வந்துவிட்டது. எண்ணெயில் காரத் தண்ணீரை ஊற்றிக் கலக்கும்போது பக்கத்தில் யாரும் பேசக் கூடாதாம். அவருடைய துண்டுகள் இருந்த அலமாரியில் சோப்பு. செருப்பு இருந்த இடத்தில் அச்சு. செருப்பு எங்கே என்று அவர் இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறார்.

பொறாமை என்றால் அப்படியொரு பொறாமை. ஒரு சோப்புக்கட்டியைப் பார்த்து ஒரு மனிதன் பொறாமைப்படுவான் என்று யாராவது முன்பு சொல்லியிருந்தால் அவரே சிரித்திருப்பார்.

சோப்பைக்கூடப் பொறுத்துக்கொண்டார். கீழ்த்தளத்து மருந்துக்கடைக்காரரைத்தான் பொறுக்க முடியவில்லை. தனிக்கட்டை. தலைமுடி ஒன்றுகூடக் கொட்டவில்லை. நொட்டையார் கணக்கில் அதுவே பெரிய குற்றம். அந்த மனிதர் ஒருநாள் மாடியேறி வந்து, ஒரு சோப்பைக் கையில் எடுத்து, கண்ணை மூடி, மூச்சை ஆழமாக இழுத்து முகர்ந்து, "மேடம், என்ன கை மேடம் உங்களுக்கு! கடையில ஒரு கண்ணாடித்தட்டு காலியா கிடக்கு. எப்ப தர்றீங்க?" என்று கேட்டார்.

நொட்டையாருக்கு வயிறு எரிந்தது. எரிச்சலுக்கு மாத்திரை வாங்கவும் அந்தாள் கடைக்குத்தான் போக வேண்டும்.

மனைவி கணவரைப் பார்த்தாள். "இவரு டிக் போடட்டும், தர்றேன். இவரு கண்ணுல தேறாத பொருளை நான் விக்க மாட்டேன்" என்றாள்.

நொட்டையார் குளிர்ந்து போனார். கூடவே அடுத்த நிமிடம் வேலையையும் ஆரம்பித்தார்.

"இதப் பாரு, மூலை உடையுது."

"சரிங்க, பார்க்கறேன்."

அடுத்த தடவை மூலை உடையவில்லை.

"போன தடவை பச்சை. இது வெளிர்பச்சை. வாங்கறவன் ஒரே மாதிரிதான் கேப்பான். நினைச்சபடியெல்லாம் செய்யறதுக்கு இது என்ன விளையாட்டா?"

"நியாயந்தாங்க. இனிமே எல்லாத்தையும் எடை போட்டே கலக்கறேன்."

அதற்கப்புறம் வந்த சோப்புகள் எல்லாம் இரட்டைப் பிள்ளைகள் மாதிரி இருந்தன.

"தண்ணி பட்டா கொழகொழங்குது."

"சீக்கிரம் எடுத்துட்டேன்போல. இன்னும் கொஞ்ச நாள் காயட்டும்."

"என்னென்ன போட்டிருக்கேன்னு மேல எழுதலையே? யாருக்காவது தோலுக்கு ஒத்துக்கலைன்னா?"

"அட, ஆமா! நல்லவேளை சொன்னீங்க."

நல்லவேளையாம்! தான் போட்ட முட்டுக்கட்டையையெல்லாம் அவள் ஏணிப்படியாக அடுக்கிக்கொண்டு போவது நொட்டையாருக்குப் புரிய நாளாயிற்று. புரிந்தபோது சொல்வதற்கு நொட்டை தீர்ந்துவிட்டது. சோப்பைத் திருப்பினார், தட்டினார், தண்ணீரில் போட்டார், வெயிலில் வைத்தார், நாக்கில்கூட வைத்துப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு நாள் சாப்பாடு இறங்கவில்லை. தொழிற்சாலையில் நல்ல சட்டைகளையெல்லாம் பிரிக்கச் சொன்னார்.

"என்னங்க, டிக் போடலாமா?"

"அவசரப்படாத. பார்த்துக்கிட்டிருக்கேன்ல?"

பார்த்துக்கொண்டிருந்தவரின் கண் அலமாரியின் மேல்தட்டில் போய் நின்றது. அச்சிலிருந்து எடுத்த புதுச் சோப்பெல்லாம் அங்கேதான் காயும். பதமானவை கீழ்த்தட்டுக்கு வரும். புதுசில் காரம் அடங்கியிருக்காது, எடுத்துத் தேய்த்தால் தோல் எரியும், அரிக்கும். இதையெல்லாம் அவளே அவருக்குச் சொல்லியிருக்கிறாள்.

மேல்தட்டுச் சோப்பு ஒன்று மருந்துக்கடைக்குப் போனால்? அந்தாள் கையைச் சொறிந்துகொண்டு நிற்பான். கண்ணாடித்தட்டு காலியாகவே கிடக்கும். மேடமும் போச்சு, கண்ணை மூடுவதும் போச்சு. பாவம்தான். ஆனால் கை கொஞ்சம் அரிக்கும், உயிரா போய்விடும்?

மனைவி துணி காயப்போட மொட்டைமாடிக்குப் போன நேரம் பார்த்து ஸ்டூல் போட்டு ஏறினார். ஒன்றை எடுத்தார். காகிதத்தில் மடித்தார். மடிப்பு கோணலாக இருந்தது. கோணலைச் சகிக்கும் கண்ணா அது? பிரித்து மறுபடி மடித்தார். நான்கு பக்கமும் திருப்பிப் பார்த்துத் திருப்தியானதும் கீழே போய், "மேடம் குடுக்கச் சொன்னாங்க" என்று பல்லைக் கடித்துக்கொண்டு நீட்டிவிட்டு வந்தார். வந்ததும் ஒரு குளியல் போட்டார். பாட்டுகூட வந்தது.

மறுநாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், கூடத்தில் மருந்துக்கடைக்காரர் உட்கார்ந்திருந்தார். எழுந்து இரண்டு கைகளையும் நீட்டினார்.

"சார், தொட்டுப் பாருங்க!"

தொட்டார். பட்டு.

"எரியலையா?" என்று கேட்டே விட்டார்.

"எரியறதா? என்ன சார் கேக்கறீங்க? இத்தனை வருஷமா மருந்து விக்கறேன், இப்படியொரு சோப்பை நான் பார்த்ததில்லை."

மனைவி உள்ளேயிருந்து ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து கணவர் முன் விரித்தாள். நேற்று அவர் மடித்த காகிதம். அதன் மூலையில் ஒரு வட்டம். வட்டத்துக்குள் ஒரு டிக். மடித்து, திருப்பிப் பார்த்து, திருப்தியானதும் கை தானாகப் போட்டிருக்கிறது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! எப்போது பேனாவை எடுத்தோம் என்பதே அவருக்கு ஞாபகம் இல்லை.

"ஏங்க, இது யாரு போட்ட டிக்?"

"என்னுது மாதிரிதான் இருக்கு."

"மாதிரியா?"

"என்னுதுதான்."

"அப்ப சோப்பு தேறிடுச்சுதானே?"

இல்லை, அது பதமாகாத சோப்பு என்று சொல்ல வாய் வந்தது. சொன்னால், தெரிந்தேயா கொடுத்தீர்கள் என்று கேட்பாள். சொல்லாவிட்டால் சோப்பு தேறிவிடும். நொட்டையார் கூரையைப் பார்த்தார். கூரையில் ஒரு விரிசல் இருந்தது. அன்றைக்கு அதைக்கூட அவரால் வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை.

"தேறிடுச்சு" என்றார்.

"சார் வாயால வந்துருச்சு! இதுக்கு மேல என்ன வேணும்?" என்று மருந்துக்கடைக்காரர் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஒரு பெட்டி நிறையச் சோப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

கதவைச் சாத்தியதும் நொட்டையார் மெதுவாகக் கேட்டார். "ஆமா, அந்தாளுக்கு எப்படி எரியாம இருந்துச்சு?"

"நீங்க பாட்டுப் பாடிக் குளிச்சிட்டிருந்தீங்கள்ல, அப்ப அவரு நன்றி சொல்றேன்னு பொட்டலத்தைப் பிரிக்காமயே மேல கொண்டுவந்தாரு. மேல உங்க டிக். நம்ம வீட்டு மனுஷன் இத்தனை சுலபத்துல பாஸ் போட மாட்டாரேன்னு உள்ளே அமுக்கிப் பார்த்தேன். விரல் இறங்குது. அலமாரிக்குக் கீழே ஸ்டூல் வேற போட்டபடியே கிடக்குது. பேர் ஒட்ட மறந்துட்டேன்னு சொல்லி, கீழ்த்தட்டுச் சோப்பைக் குடுத்து அனுப்பிட்டேன். காகிதத்தை மட்டும் வெச்சுக்கிட்டேன்."

நொட்டையாருக்கு முகம் சுண்டிப்போனது. திட்டியிருந்தால்கூடத் தேவலை. அவள் சிரித்தபடி அடுத்த பெட்டிக்குக் காகிதம் வெட்டிக்கொண்டிருந்தாள். இனி அவள் யாருடைய டிக்குக்காகவும் காத்திருக்கப் போவதில்லை என்பதுதான் அவருக்கு எல்லாவற்றையும்விட வலித்தது. கடைசியாக ஒன்றையாவது பிடிக்கலாம் என்று முனகினார்.

"எரியற சோப்புல கிடந்த டிக்கை வெச்சுத்தானே விக்கக் கிளம்பியிருக்க? சோப்பு நிஜமாவே தயார்னு உனக்கு எப்படித் தெரியும்?"

அவள் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள்.

"நொட்டை சொல்ல ஒண்ணும் கிடைக்காம, நீங்களே ஒண்ணை உண்டாக்க ஸ்டூல் போட்டு ஏறினீங்களே, அப்பதாங்க தெரிஞ்சுது."