கோட்டைக்காரர் இலை போட்ட பேய்

இங்கிலீஷில் ஓர் எழுத்துகூடத் தெரியாமல் இங்கிலீஷ் படத்துக்கு அர்த்தம் சொன்னவர்கள் அந்தக் காலத்தில் பலர் உண்டு. ஆனால், படம் எடுத்தவனே நேரில் வந்தாலும் அவன் கதை தப்பு, தன் கதைதான் சரி என்று சாதிக்கக்கூடியவர் இந்த உலகத்தில் கோட்டைக்காரர் ஒருவர்தான்.

பேசும் படம் எங்கள் பக்கம் வராத காலம். கம்பம் பள்ளத்தாக்கில் ஊர் ஊராகக் கூடாரம் போட்டுப் படம் காட்டிய ஒரு கொட்டகையில் நான் மிஷின் சுற்றினேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, ஏலக்காய் மலையில் மூட்டை தூக்கி, காய்ச்சலோடு இறங்கி வந்தவனுக்கு அது நல்ல வேலை. ஒரு வேளைச் சோறு நிச்சயம். படுக்க மாட்டுவண்டிக்கு அடியில் இடம் உண்டு. கோட்டைக்காரர் திரைக்குப் பக்கத்தில் கையில் பிரம்போடு நின்று, ஊமைப்படத்துக்குக் கதை சொல்வார். அவருடைய சொந்தப் பெயர் முதலாளிக்கே தெரியாது.

முதலாளியிடம் மிஞ்சியிருந்தது ஒரே படம். செத்துப்போன பெரியப்பாவின் கோட்டை ஒரு வெள்ளைக்காரக் குடும்பத்துக்குச் சொத்தாக வருகிறது. அப்பா, அம்மா, பத்து வயது மகள் மூவரும் குடியேறுகிறார்கள். பெரியப்பா பேயாக வருகிறார். காசில்லாதவன் எடுத்த படம் என்பது எனக்கே தெரிந்தது. கோட்டை, துணியில் எழுதியது. வௌவாலைக் கட்டிய கயிறு பளிச்சென்று தெரியும். பேய் நடந்தால் வெள்ளை அங்கிக்குக் கீழே பூட்ஸ் எட்டிப் பார்க்கும்.

கோட்டைக்காரர் எதற்கும் அசரமாட்டார். கயிறு தெரிந்தால், "வளத்த வௌவாலு, அதான் கட்டிப் போட்டுருக்காக" என்பார். பூட்ஸ் தெரிந்தால், பெரியப்பா பட்டாளத்தில் இருந்தவர் என்பார். ஆடி மாதம் கணவாய்க் காற்று கூடாரத்துக்குள் புகுந்து திரையை அலைக்கும். படத்துக்குள்ளே துணிக்கோட்டை தனியாக ஆடும். மிஷினைச் சுற்றிக்கொண்டே பார்த்தால், கோட்டை ஏதோ தண்ணீருக்கு அடியில் நிற்பது போலவும், நாங்கள் எல்லாரும் அதன் அறைகளில் மெல்ல மிதப்பது போலவும் இருக்கும். "கல்லுக்கோட்டையே காத்துல ஆடுதுன்னா, அங்கன குடியிருக்கிற பச்சப்புள்ள என்ன பாடுபடும்னு நெனச்சுப் பாருங்க" என்று அவர் சொல்லும்போது பெண்கள் மூக்கைச் சிந்துவார்கள்.

அந்தச் சிறுமிக்குச் செவத்தம்மா என்று பெயர் வைத்திருந்தார். பேய் படியில் இறங்கிவர, கீழே அவள் விளக்கோடு நிற்பாள். அத்தோடு எங்கள் படம் தீர்ந்துவிடும். கடைசிச் சுருள் இல்லாததால்தான் முதலாளிக்கு அது மலிவாகக் கிடைத்திருந்தது. பார்த்தவர்கள் முனகிக்கொண்டே வீட்டுக்குப் போய்விடுவார்கள். கோட்டைக்காரருக்குப் போக முடியாது. சோற்றில் கை வைத்தபடி கேட்பார்.

"ஏலே தம்பி, அந்தப் புள்ளய என்ன செஞ்சிருப்பாக?"

"அது படம்ணே."

"படந்தான். புள்ள புள்ளதான."

முடிவில்லாத படத்தை யார் எத்தனை தடவை பார்ப்பார்கள்? கூட்டம் குறைந்தது. பழைய பிலிமில் வளையல் செய்கிறவர் ஒருவர் படத்தை விலைக்குக் கேட்டிருந்தார். ராயப்பன்பட்டிப் பக்கம் கூடாரம் போட்டபோது முதலாளி சொல்லிவிட்டார்: இங்கேயும் நிரம்பாவிட்டால் படம் வளையலுக்கு, நீங்கள் இருவரும் உங்கள் வழிக்கு. எனக்கு வழி பழக்கம்தான். கோட்டைக்காரர் மட்டும் சுருள் பெட்டியைத் தடவிக்கொண்டு, "செவத்தம்மாவ எவ கையிலயோ மாட்டிவிடப் போறாக" என்றார்.

அன்று மாலை ஆட்டத்தில் பேய் படியில் இறங்கியதும், மணலில் உட்கார்ந்திருந்த ஒரு சம்சாரி வீட்டு அம்மாள் எழுந்து நின்றாள்.

"நிறுத்துங்கய்யா. செத்தவருக்கு ஒரு எலை போடாம, அவர் வீட்டுல இவுக பாட்டுக்குக் குடியேறுனா, வராம என்ன செய்வாரு?"

கூடாரமே ஆமோதித்தது. சொத்தை வாங்கிக்கொண்டு படையல் போடாத வெள்ளைக்காரன் மேல் எல்லாருக்கும் கோபம். ராயப்பன்பட்டிக் கிறிஸ்தவர் ஒருவர் எழுந்தார். வெள்ளைக்காரர்கள் தங்கள் வேதம், ஆகவே இது தங்கள் ஆவி. இலையெல்லாம் ஆகாது, மெழுகுவர்த்தி கொளுத்திச் செபம் சொல்லவேண்டும் என்றார். "மெழுகுவத்திய அவர் திங்கவா முடியும்?" என்று கேட்டாள் அந்த அம்மாள்.

கோட்டைக்காரர் பிரம்பை உயர்த்தினார். நாளைக்கு இரண்டும் நடக்கும், பெரியப்பா சமாதானமாகப் போவார் என்று அறிவித்துவிட்டார். பேய் போகிற சுருள் எங்களிடம் ஏது?

மறுநாள் கூடாரம் நிரம்பி, திரைக்குப் பின்னாலும் ஆட்கள். முன்னால் தலைவாழை இலையில் சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த முட்டை, வெள்ளைக்காரர் என்பதால் ஒரு சுருட்டு. இரண்டு பக்கமும் மெழுகுவர்த்திகள். பிலிமுக்கும் நெருப்புக்கும் ஆகாது. முதலாளி மணல் வாளியோடு வேர்த்துக்கொண்டு நின்றார். ஆட்டத்துக்கு முன்னால் கோட்டைக்காரர் என் காதில் சொன்னார்.

"அந்த எடம் வந்ததும் மிஷினத் திருப்பிச் சுத்து."

"மிஷின் பல்லுல பிலிம் மாட்டிப் பிஞ்சிருச்சுன்னா?"

"பிஞ்சா வளையலு. சுத்து."

பேய் படியில் இறங்கியது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகச் சுற்றினேன். அது நின்றது. பிறகு, முகத்தை எங்கள் பக்கமே வைத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பின்னால் ஏறியது. மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் திரை மஞ்சளாக ஏறி இறங்கி, தூங்குகிறவர் மார்பு போல இருந்தது. கோட்டைக்காரரின் குரல் எங்கிருந்தோ வருவது போல வந்தது.

"பாத்துக்கிருங்க. சாப்புட்ட எடத்துக்கு முதுகு காட்டாமப் போறாரு. மரியாதப்பட்ட மனுசன்."

கூட்டம் கையெடுத்துக் கும்பிட்டது. ராயப்பன்பட்டிக்காரர் சிலுவை போட்டுக்கொண்டார். பேய் மேலே இருட்டில் கரைந்தது. கோட்டைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

அந்தப் படையல் எங்களை ஒன்றரை வருஷம் காப்பாற்றியது. ஊருக்கு ஊர் இலை போட்டார்கள். பேய் மிச்சம் வைத்ததை நாங்கள் சாப்பிட்டோம். அதுவரை அவ்வளவு நன்றாக நான் சாப்பிட்டதில்லை. பிறகு பேசும் படம் வந்தது. கதை சொல்ல ஆள் வேண்டாம் என்று ஆனது. முதலாளி எல்லாவற்றையும் விற்றார். நான் மறுபடி மலை ஏறினேன்.

அங்கே ஒரு துரை பங்களாவின் சமையல்காரர், கொச்சிக்காரர், அதே படத்தை முழுதாகப் பார்த்திருந்தார். முடிவைக் கேட்டேன். கிழங்கு உரித்தபடியே மலையாளத்தில் சொன்னார்: "கோட்டைக்குத் தீ பிடிச்சு. ஆ குட்டி மரிச்சுபோயி."

பெட்ரோல் கிடைக்காத உலகச் சண்டைக் காலத்தில், கம்பத்தில் பஸ் நிற்கும் இடத்தில் கோட்டைக்காரரைப் பார்த்தேன். கரியில் ஓடும் பஸ்ஸுக்கு ஆள் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். "உத்தமபாளையம், சின்னமனூரு. அதுக்கப்புறம் வண்டி என்ன செய்யுமோ, ஏறிப் பாருங்க." இளைத்துப்போயிருந்தார். படத்தை முழுதாகப் பார்த்தவர் ஒருவரைச் சந்தித்தேன் என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டார். டிரைவர் ஹாரன் அடித்தும் விடவில்லை.

"புள்ள?"

"நல்லாருக்குண்ணே. பெருசாகி, கல்யாணம் பண்ணி, அந்தக் கோட்டையிலதான் இருக்காம்."

"எனக்குத் தெரியும்ல" என்று சொல்லிவிட்டு, நகர்ந்த பஸ்ஸில் தொற்றிக்கொண்டு போனார்.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன். எங்காவது அவருக்குப் பத்திரிகை வாசித்துக் காட்டுகிறவர்கள் இருந்தால், கொச்சிக்காரர் வருகிற இடத்தை மட்டும் விட்டுவிட்டு வாசியுங்கள்.