லிஃப்ட் வாயிலில் வட்டிவாத்தியார் பொருத போர்

சுண்ணத்தூள் பூத்த தோளும், மூவண்ணப் பேனா செருகிய மார்பும், தேய்மான அட்டவணையைப் பிழையின்றி ஒப்பிக்கும் நாவும் உடைய பெருந்தகை, பொறியியற் பொருளாதாரம் போதிக்கும் வட்டிவாத்தியாரின் வெற்றியை உரைக்கப் புகுந்தோம். உறங்கும் வகுப்பறைகளே, சற்றே விழித்திருப்பீராக!

மூன்று பருவங்களாக அவர்தம் சொல்மாரியில் நனைந்தும் துளிர்க்காது, புயலில் சாய்ந்த கதிரென மேசைமேல் தலைசாய்த்த மாணாக்கர் சேனையைக் கண்டு வெகுண்ட துறைத்தலைவி, புதுமுறையிற் கற்பித்து அவர்களை எழுப்பாவிடில் பாடத்தைக் கணக்காசிரியருக்கு அளிப்பதாக ஆணையிட்டார். பன்னிரண்டாண்டு பேணிய பாடம் பறிபோகுமோ என்று இரண்டு நாள் உணவு மறந்த வாத்தியார், மூன்றாம் நாட்காலை அறுபது மாணாக்கரையும், குறிப்பேடு ஏந்திய துறைத்தலைவியையும் தரைத்தளத்து லிஃப்ட் வாயிலில் அணிவகுத்துக் காத்திருக்கப் பணித்தார். வகுப்போ ஐந்தாம் மாடியில். லிஃப்டோ, குகையில் துயிலும் யாளியென, மூன்றாம் மாடியில் அசையாது கிடந்தது.

கால் மணி கழிந்தது. கொட்டாவிகள் பெருகின. அப்போது வாத்தியார் முரசென முழங்கினார்:

"கேண்மின்! போட்ட முதல் போனதே. காத்த நேரம் கழிந்ததே. எம்முடிவு எடுப்பினும் அவை மீளா. இனி ஆகும் செலவு, இனி வரும் பயன், இவ்விரண்டை மட்டுமே எண்ணித் துணிபவரே பொறியாளர்!"

அச்சொல் அம்பெனத் தைத்தது. அப்பருவத்தில் முதன்முறையாக விழித்த கடைசி வரிசை, படியேற மூன்றே நிமிடம், லிஃப்டின் வருகைக்கோ வரையறையில்லை என்று கணித்து, முதுகுப்பைகள் கேடயமெனக் குலுங்க, அணையுடைத்த வெள்ளமாய்ப் படிக்கட்டில் பாய்ந்தது, நடுவரிசை தொடர்ந்தது, முன்வரிசையும் தொடர்ந்தது.

"பாடம் உங்ககிட்டயே இருக்கட்டும் சார்," என்று சொல்லிவிட்டுத் துறைத்தலைவியும் ஏறினார்.

வென்றார் வாத்தியார், கண்கள் பனித்தன, ஆயினும் நின்ற இடம்விட்டு அசைந்தாரில்லை.

பாதிப் படியில் மாணவி ஒருத்தி திரும்பினாள். "சார், நீங்க வரலையா?"

செந்நிறத்தில் ஒளிரும் மூன்றாம் எண்ணை வாத்தியார் ஏக்கத்துடன் நோக்கினார்.

"இவ்வளவு நேரம் நின்னாச்சேம்மா. இப்ப எப்படி விட்டுட்டு வர்றது?"

அவள் அதை உதாரணமாகக் குறித்துக்கொண்டு மேலேறினாள்.

அவ்வேளை, தூண்கள் அதிர, கம்பிவடங்கள் முழங்க, மூன்று இரண்டாகி, இரண்டு ஒன்றாகி, ஒன்று பூச்சியமாகி, இரும்புக் கதவம் இருபுறமும் மெல்ல விரிந்தது.

உள்ளே ஆள் நுழைய இடமின்றிப் பீரோ ஒன்று சிக்கியிருந்ததால் அவர் படியேறிப் போனார்.