பன்னீர்ச் செம்பும் மெயின் சுவிட்சும்

"நீ அவங்களுக்கு மடம் கட்டப் போறியா, இல்ல உன் சர்டிபிகேட்டுக்குக் கோயில் கட்டப் போறியா?"

இப்படிக் கேட்டவர் என் தாய்மாமா. கடலுக்கு அக்கரையில், பிறை என்ற ஊரில் லாரி ஓட்டுகிறவர். கேட்டபோது அவர் வாயில் பாதி 'ரொட்டி சானாய்' பரோட்டா இருந்தது. அதனால் நான் அதைப் பொருட்படுத்தவில்லை. (வாய் காலியாக இருந்திருந்தாலும் பொருட்படுத்தியிருக்க மாட்டேன்.) எங்கள் குடும்பத்தில் ஆறாம் வகுப்பைத் தாண்டியவள் நான் ஒருத்திதான். அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். அம்மாவுக்குக் கையெழுத்துப் போடக் கற்றுக்கொடுத்ததே நான்தான். பட்டம் வாங்கிக்கொண்டு ஜார்ஜ்டவுனுக்குத் திரும்பிய புதிதில், தெருமுனையில் பஸ் நின்றால்கூட எனக்காகத்தான் நிற்கிறது என்று நினைப்பேன்.

என் அண்ணன் செல்வத்துக்கு அப்போது முப்பத்துநான்கு வயது. அதிகம் பேசமாட்டார். எந்த வீட்டுக்குப் போனாலும் எல்லா சுவிட்சுகளையும் ஒருமுறை போட்டு அணைத்துப் பார்த்த பிறகுதான் உட்காருவார். ஒரு நீல எனாமல் கோப்பை வைத்திருந்தார். போகும் இடமெல்லாம் அதைக் கையோடு கொண்டுபோவார், கையோடு கொண்டுவருவார். 'ஆட்டிசம்' என்ற சொல்லை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்த பெருமையும் என்னுடையதுதான். அம்மாவுக்கு அந்தச் சொல்லில் அக்கறை இல்லை. "எனக்கப்புறம் இவன் எங்க இருப்பான்?" என்பது ஒன்றே அவளுடைய கேள்வி.

பதிலாக நான் பன்னிரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். அண்ணனைப் போன்ற ஐந்து பேர் சேர்ந்து வாழ ஒரு வீடு. கூட இருந்து உதவ இரண்டு பேர். தோட்ட வேலை, தியானம். காலை ஐந்தரைக்கு மணியடித்து பஜனை. பக்கத்துக்கு ஒருமுறையாவது 'மன அமைதி'.

பாலிக் புலாவில் ஜாதிக்காய்த் தோப்பை ஒட்டி ஒரு வீடு காலியாக இருந்தது. வீட்டுக்காரர் அமிர்தம் டீச்சர், யாழ்ப்பாணத்துக் குடும்பம், ஓய்வு பெற்றவர். "ஒரு நாள் அஞ்சு பேரையும் கூட்டிக்கொண்டு வா. பாத்துப்போட்டுச் சொல்லுறன்" என்றார்.

சும்மா கூட்டிக்கொண்டு போயிருக்கலாம். நான் விழா எடுத்தேன்.

நம் ஆட்கள் விழா எடுத்தால் எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. வாழைமரம், உறுமி மேளம், மைக்செட், தலைமை தாங்க ஒரு பிரமுகர், அவருக்குப் பொன்னாடை. வாசலில் பட்டுச்சேலையில் நான், ஒரு கையில் சந்தனக் கிண்ணம், மறுகையில் பன்னீர்ச் செம்பு.

மாமா லாரியில் நாற்காலிகளைக் கொண்டுவந்து இறக்கினார். ஆளுயர ஸ்பீக்கரை ஒருமுறை சுற்றி வந்தார்.

"இது யாரு காதுக்குலா?"

"வர்றவங்களுக்கு மாமா."

"இங்க தங்கப் போறவங்களுக்குக் காது இல்லியா?"

நல்லவேளை, மேளக்காரர்கள் வந்துவிட்டார்கள்.

வேன் வந்தது. முதலில் இறங்கியவர் ராஜன், பிறையிலிருந்து ஃபெரி படகில் வந்திருந்த ஆறடி மனிதர். நான் சந்தனத்தை நீட்டினேன். அவர் பின்வாங்கினார். கூச்சம் என்று முடிவு செய்து பன்னீரைத் தாராளமாகத் தெளித்தேன். ராஜனுக்கு உடம்பில் ஈரம் பட்டால் ஆகாது. அவருடைய அம்மா என்னிடம் இரண்டு முறை சொல்லியிருந்தார். திட்டத்தின் ஏழாம் பக்கத்தில் நானே எழுதியும் வைத்திருந்தேன்.

ராஜன் சட்டையைக் கழற்றினார். நிதானமாக மேடைக்கு நடந்து, பிரமுகரின் மடியில், பொன்னாடைக்கு மேல், அதை உலர விரித்தார். எழுந்திருப்பதா வேண்டாமா என்று புரியாத பிரமுகர் கூட்டத்தைப் பார்த்துக் கும்பிட்டார். அதை உத்தரவு என்று எண்ணி மேளக்காரர்கள் இன்னும் பலமாக அடித்தார்கள். இரண்டு பேர் சாப்பாட்டு மேசைக்கு அடியில் புகுந்தார்கள். ஒருவர் காதைப் பொத்திக்கொண்டு வேனைவிட்டு இறங்கவே இல்லை. அண்ணனைக் காணவில்லை. நான் மைக்கைப் பிடித்தேன்.

"மன அமைதி ஒன்றே..."

மைக் ஊளையிட்டது. அடுத்த நொடி எல்லாம் செத்தன. மைக், ஸ்பீக்கர், காற்றாடி. என்ன ஏது என்று பார்க்க மேளக்காரர்களும் கையை நிறுத்தினார்கள். வீட்டுக்குள், மெயின் சுவிட்சின் மேல் கை வைத்தபடி அண்ணன் நின்றார்.

"போதும்" என்றார். அந்த வாரத்தில் அவர் பேசிய ஒரே வார்த்தை.

பிரமுகருக்குத் திடீரென்று இன்னொரு வேலை நினைவுக்கு வந்தது. ஈரச்சட்டையை என் கையில் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். அமிர்தம் டீச்சர் என்னை நோக்கி வந்தார். வீடு போயிற்று என்று நினைத்தேன்.

"பிள்ளை, அந்த மெயினை நிப்பாட்டினது ஆர்?"

"என் அண்ணன். மன்னிச்சிருங்க டீச்சர்."

"எனக்கும் காலமையில இருந்து தலையிடி. அவருக்கு இந்த வீடு பிடிச்சிருக்கோ?"

நான் மேடையில் வைத்திருந்த திட்டத்தை எடுத்துப் புரட்டினேன்.

"அதுக்குள்ள என்ன தேடுறாய்? அவரிட்டக் கேட்டனியோ?"

கேட்கவில்லை. ஐந்து பேரில் ஒருவரிடமும் கேட்கவில்லை. பன்னிரண்டு பக்கத்தில் அதற்கு இடமே இல்லை.

"அவர் ஓம் எண்டால் சாவி தாறன்" என்றார் டீச்சர்.

அண்ணனிடம் போய்க் கேட்டேன். என்னைப் பார்க்காமல், கரண்ட் இல்லாத சுவிட்சுகளை அறை அறையாகப் போட்டு அணைத்துக்கொண்டே போனார். கடைசியில் சாமியறைக்கு வந்தார். அம்மா ஏற்றிவைத்த விளக்கு மட்டும் எரிந்தது. ராஜன் வெற்றுடம்போடு ஒரு மூலையில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் மறு மூலையில் உட்கார்ந்தார். மேசைக்கடியில் இருந்தவர்களும் வந்தார்கள். யாரும் மணியடிக்கவில்லை. யாரும் பாடவில்லை. அரைமணி நேரம் நான் கதவுக்கு வெளியே நின்றேன், உள்ளே போகத் தைரியம் இல்லாமல்.

கிளம்பும்போது அண்ணன் வெறுங்கையோடு வேனில் ஏறினார்.

"டேய், கோப்பை எங்கடா?" என்றாள் அம்மா.

கோப்பை பின்னறை ஜன்னலில் இருந்தது. எடுக்க ஓடிய என்னை மாமா வழிமறித்தார்.

"இருக்கட்டும்லா. நீ கேட்ட, அவன் பதில் சொல்லிட்டான்."

அன்று மாலையே சாவி கிடைத்தது.

இது நடந்து மூன்று வருடமாகிறது. எங்கள் குடும்பத்தில் இப்போதும் யாராவது பேச்சை நீட்டினால், "மெயின் சுவிட்சு எங்க?" என்று ஒரு குரல் வரும். என் நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளையின் பெரியப்பா வாழ்த்திப் பேச எழுந்தபோதும் வந்தது. (மாமாதான். அப்போதும் வாயில் பலகாரம்.)

பாலிக் புலாவ் வீட்டில் ஐந்தரை மணி பஜனை கிடையாது. அந்த மணி பெட்டிக்குள் இருக்கிறது. இடம் போதவில்லை, மேலும் மூன்று குடும்பங்கள் காத்திருக்கின்றன. போன மாதம் பக்கத்து வீடு வாடகைக்கு வந்தது. இந்த முறை நான் ஒரு பக்கம்கூட எழுதவில்லை. யாருக்காவது அங்கே மாற விருப்பமா என்று பார்க்க, ஐந்து பேரையும் நான்கு முறை கூட்டிப்போய் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் முறை ராஜன் தன் சட்டையைக் கழற்றி, அங்கே ஓர் ஆணியில் மாட்டிவிட்டு வந்தார்.

மறுநாள் காலை போய் ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டேன்.